நாலு இடத்தில் ஒரே நேரத்தில் இறங்கிய கிரைண்டர்

தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தப்பு யார் மேல் என்று கண்டுபிடிக்கக் கூட்டம் போட வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்தால் போதும். (என் அறைக் கண்ணாடியில் ரசம் பாதி போய்விட்டது. அதனால் பாதித் தப்புத்தான் தெரியும்.)

நான் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவன். படம் வரைகிறவன், புரோகிராம் எழுதுகிறவன், ஓசை பதிவு செய்கிறவன், சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிறவன், ஓடாவிட்டால் எழுதியவனைத் திட்டுகிறவன், திட்டு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போகிறவன் எல்லாம் நானே. அலுவலகம் கணபதி என்கிற பகுதியில், மோட்டார் பட்டறை ஒன்றின் மாடியில் ஓர் அறை. கீழே லேத் ஓடினால் மேலே என் மேசை நடுங்கும். என் கேமில் வரும் டவுன் பஸ் சத்தம் அச்சு அசலாக இருப்பதாகப் பின்னாளில் ஒருவர் பாராட்டினார். அது பஸ் இல்லை, லேத்.

கேமின் பெயர் 'ஒரு கை புடிங்க'. கதை ரொம்பச் சின்னது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வெட் கிரைண்டரை உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆளுக்கொரு முனை. சந்தில் நுழைய வேண்டும், பஸ்ஸில் ஏற்ற வேண்டும், கண்டக்டரைச் சமாளிக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் அந்த முனை எழும்பும், மறுமுனை தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதாவது இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாத கேம். அதை நான் ஐந்து வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தேன். (இதில் உள்ள வேடிக்கை எனக்கு நான்காவது வருடம்தான் உறைத்தது.)

சோதிப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் இடது கையால் ஒருவனையும் வலது கையால் இன்னொருவனையும் இயக்குவேன். ஒருநாள் படி இறங்கும்போது இடது கைக்காரன் அவசரப்பட்டுவிட்டான். "கொஞ்சம் பொறுத்து எறங்குனா என்னடா உனக்கு?" என்று சத்தமாகவே திட்டிவிட்டேன். கீழேயிருந்து பட்டறைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆருங்க வந்திருக்கறது?"

"ஆருமில்லீங்க."

"அப்பச் செரிங்க" என்று இறங்கிப் போய்விட்டார். அந்த 'அப்பச் செரி' எனக்கு ரொம்ப நாள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் இப்படி ஒற்றை ஆள் இல்லை. கேமைத் தொடங்கியது நானும் பிரபுவும். கல்லூரியில் ஒரே பெஞ்சு, பிறகு இதே அறையில் ஒரே மேசை. கிரைண்டர் என்ற யோசனையே அவனுடையது. ஒரு வருடம் கழித்து அவனுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. போகும்போது சண்டை எதுவும் இல்லை. "நீ விடாம முடிச்சுப்போடு. வெளிய வர்ற அன்னிக்கு நான் எங்க இருந்தாலும் மொத ஆட்டம் உன்றகூடத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கெட்டது அதற்குப் பிறகு, என்னால். பொள்ளாச்சியில் அவன் கல்யாணம். நான் போகவில்லை. அன்றைக்குக் காலை என் கேமில் கிரைண்டர் பஸ்ஸின் தகரத்துக்குள் புகுந்து மறைந்துபோகிற கோளாறு ஒன்றைப் பிடித்திருந்தேன். இதோ முடிந்துவிடும், அதோ முடிந்துவிடும் என்று உட்கார்ந்து, சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கே பந்தியே முடிந்திருந்தது. "பிஸிடா, மன்னிச்சுக்க" என்று ஒரு மெசேஜ் போட்டேன். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சிநேகிதன் கல்யாணத்துக்கு இரண்டு வார்த்தை. பிரபு பதில் போடவில்லை. இரண்டு வருடம் போடவில்லை.

ஆகவே கேமை வெளியிடுவது என்பது எனக்குத் தொழில் சமாசாரம் மட்டும் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. முதல் ஆட்டம் அவனோடு ஆட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இங்கேதான் சிக்கல். என்னைப் போன்ற சிற்றாட்கள் கேமை முதலில் ஓரிடத்தில் வெளியிடுவார்கள். கம்ப்யூட்டரில் விட்டுப் பார்த்து, வருகிற திட்டுக்களைத் தொகுத்து, திருத்தி, ஆறு மாதம் கழித்துச் செல்போனுக்குப் போவார்கள். அதற்கும் பிறகுதான் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி. புத்தியுள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பிரபு வீட்டில் இருப்பது டிவிப் பெட்டி. என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர். 'வெளிய வர்ற அன்னிக்கு' என்று அவன் சொன்னது ஒரே நாள். எனவே கம்ப்யூட்டர், இரண்டு வகை செல்போன், டிவிப் பெட்டி என நாலு இடத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் இறக்குவது என்று முடிவு செய்தேன். கல்யாணம் ஆகாதவன் ஒரே நாளில் நாலு மண்டபத்தில் முகூர்த்தம் வைத்ததுபோல.

நாலு கடைக்கும் நாலு விதமான சட்டம். ஒருத்தன் படம் சதுரமாக வேண்டும் என்பான், இன்னொருத்தன் நீளமாக. ஒருத்தன் இரண்டு நாளில் பார்த்துச் சொல்லிவிடுவான். டிவிப் பெட்டிக்காரர்கள் அப்படியில்லை. பெண் வீட்டார் விசாரிப்பதுபோலப் பத்து நாள் விசாரிப்பார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பி ஒப்புதலும் வாங்கிவிட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். நாலிலும் ஒரே கேம், ஒரே பதிப்பு எண். 1.0.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் காலண்டரை எடுத்துவிட்டார். ஆவணியில் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் நல்ல நேரம்.

"ஒரம்பரையெல்லாம் நேருல போய்க் கூப்புட்டுப் போடலாங் கண்ணு."

"இதுக்கெல்லாம் ஆருமா கூப்புடுவாங்க? அவங்கவங்க ஊட்டுல இருந்தே ஆடலாம்."

"போன்ல சொன்னா மரியாதை இல்லீன்னு நாளைக்குப் பேச்சு வரும். உனக்குக் கண்ணாலத்துக்குத்தான் கூப்புட வழியக் காணோம். இதுக்காச்சும் நாலு படி ஏறி எறங்கறேன்."

நாலு படி ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவின் கையிலிருந்த வெற்றிலைப் பாக்கைப் பார்த்ததும் முகங்கள் மலரும். "பையனுக்கு அமஞ்சுபோச்சுங்களா?" "இல்லீங்க, கேமு." ஓர் அமைதி நிலவும். பிறகு காபி வரும். அந்த அமைதிகளை மட்டும் சேர்த்துவைத்திருந்தால் என் கேமுக்குத் தனியாகப் பின்னணி இசை வேண்டியிருந்திருக்காது.

கடைசியாக வெள்ளகோவிலில் கந்தசாமி மாமா வீடு. அம்மாவின் அண்ணன், எண்ணெய் ஆட்டும் மில் வைத்திருக்கிறவர். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் மொய் நோட்டில் உட்காருகிறவர் அவர்தான். முப்பது வருடமாக எண்களோடு பழகியவர். நான் போனில் கேமைத் திறந்து காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரைண்டரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். பிறகு திரையின் கீழ் மூலையில் எறும்பு அளவில் இருந்ததைப் பார்த்தார்.

"அதென்னுங் மாப்ள, ஒன்னு, புள்ளி, சைபரு?"

"பதிப்பு எண்ணுங் மாமா. மொத மொத வர்றதுன்னு அர்த்தம்."

"நல்ல காரியம், சைபர்ல முடியுது?"

"அது வெறும் எண்ணுதானுங்களே."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் எண்ணா? நூறு ரூவா ஆராச்சும் எழுதறாங்களா? நூத்தியொன்னுதான் எழுதறம். ஐநூத்தியொன்னுதான் எழுதறம். அந்த ஒன்னுலதான் காரியம் மேல போகும். சைபர்ல முடிஞ்சா அத்தோட முடிஞ்சுது. ஏனம்மணி, நீ சொல்லலையா பையனுக்கு?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஐந்து வருடத்துக் கவலையும் இருந்தது.

நான் படித்தவன். பகுத்தறிவு உள்ளவன். அன்று மாலையே வீட்டுக்கு வந்து 1.0 என்பதை 1.01 ஆக்கினேன்.

கம்ப்யூட்டருக்கும் இரண்டு செல்போன் கடைகளுக்கும் புதிதாக அனுப்பினேன். மூன்று நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. டிவிப் பெட்டிக்கு மறுபடி அனுப்பினால் பத்து நாள் ஆகும், நல்ல நேரம் தவறிவிடும். சரி, மாமாவின் கண்ணில் டிவிப் பெட்டி படப்போவதில்லை, மூலையில் எறும்பளவு எண், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. ஓர் எண்ணை மாற்றியதற்காக மறுபடி எல்லாவற்றையும் கோத்துச் சோதிப்பார்களா? (சோதிப்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சோதிக்கிற ஆள் இருந்தால்.)

பிரபுவுக்கு நேரில் போய் வெற்றிலைப் பாக்கு வைக்க முடியாது. மெசேஜ் போட்டேன். தேதி, இந்திய நேரம், அவன் ஊர் நேரம். கேமுக்குள் நாங்கள் இருவர் மட்டும் ஆடுவதற்கான அறையின் எண். கடைசியில், "மொத ஆட்டம் உன்றகூட". ஒரு மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் ஒன்று வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த விரலை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை என் அறைக்கு அம்மாவும் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. நல்ல நேரம் நமக்கு மட்டுமா, ஊருக்கே நல்ல நேரம். சொந்தக்காரர்கள் எல்லாம் ஏதாவதொரு மண்டபத்தில் இருந்தார்கள். டிவிப் பெட்டியில் கேம் ஒன்பதே காலுக்குத் தானாகவே இறங்கும்படி நேரம் கொடுத்தாயிற்று. மற்ற மூன்றுக்கும் கையால் பட்டனை அழுத்த வேண்டும். மேசையில் மூன்று திரைகளைத் திறந்துவைத்து ஆளுக்கொன்றின் முன்னால் உட்கார வைத்தேன்.

"சரியா ஒம்போதே காலுக்கு மூணு பேரும் ஒன்னா அமுத்தோணுங்க."

ஒன்பதே கால் ஆயிற்று.

"மாப்ளைங்க, மொதல்ல நீங்க அமுத்துங்க" என்றார் மாமா, அப்பாவிடம்.

"அதெப்பிடிங்க மச்சான். மூத்தவங்க நீங்க இருக்கையில."

"ஊட்டுக்காரர் நீங்கதானுங்க. செய்யறது மொறை."

"உங்க கையி ராசியான கையிங்க."

"ரெண்டு பேரும் ஒன்னாவே அமுத்தலாங்க" என்றேன் நான்.

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கறம்" என்றார் அப்பா.

அம்மா இதற்குள் தன் பட்டனை அழுத்திவிட்டு, எழுந்து போய் மற்ற இரண்டையும் அழுத்திவிட்டார். "நேரம் போயிருமுங்க" என்றார். உலகெங்கும் என் கேம் நான்கு நிமிட இடைவெளியில் ஒரே நேரத்தில் வெளியானது.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். அவர்களுக்கும் கல்யாணம் இருந்தது. "வாரேங் கண்ணு, நல்லபடியா ஆடு" என்று அம்மா படி இறங்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு (எதற்கு என்று கேட்காதீர்கள், கேமில் முகம் தெரியாது), கேமுக்குள் போய் எங்கள் அறையைத் திறந்தேன்.

திரையில் உக்கடம் பஸ் ஸ்டாண்டு. நடுவில் கிரைண்டர். ஒரு முனையில் நான். மறுமுனையில் யாருமில்லை. மேலே நானே எழுதிவைத்த வாசகம்: 'இன்னொருத்தர் வந்துட்டே இருக்காங்க.'

ஒன்பதரை. பத்து.

தனியாக நிற்கிற ஆள் சும்மா நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று முன்பு அவனுக்குச் சில வேலைகள் கொடுத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆனால் துண்டால் முகம் துடைப்பான். பத்து நிமிடத்தில் கொட்டாவி. பதினைந்தில் சாலையின் இருபுறமும் கழுத்தை நீட்டிப் பார்ப்பான். இருபதில் கிரைண்டர் மேலேயே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொள்வான். இதையெல்லாம் வரையும்போது ரொம்பத் தத்ரூபமாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். மாதிரிக்கு ஆள் தேடி நான் வெளியே போகவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

இடையில் முன்பின் தெரியாத ஒருவர், செல்போன்காரர், சேர்ந்து ஆடலாமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பவன் வேறு ஆளை உட்கார விடுவானா?

'எங்கடா இருக்க' என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். வர நினைக்கிறவன் வருவான். வராதவனிடம் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா? பொள்ளாச்சிக்குப் போகாத வாய் அது. அவன் மண்டப வாசலில் நின்று இப்படித்தான் சாலையைப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். அப்படியானால் இது நியாயம்தான் என்றும் நினைத்தேன். பன்னிரண்டரை மணிக்கு அறையை மூடினேன். கீழே லேத்தையும் சாப்பாட்டுக்காக நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு அமைதியை அந்த அறையில் நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு, எத்தனை பேர் ஆடினார்கள் என்று பார்ப்பதற்காகக் கேமின் பதிவேட்டைத் திறந்தேன். யார், எந்த அறையில், எவ்வளவு நேரம் என்று வரிசையாக இருக்கும். என் வரியைக் கண்டுபிடித்தேன். அதற்கு நேர் மேலே இன்னொரு வரி.

அதே அறை எண். டிவிப் பெட்டி. மெல்போர்ன். உள்ளே வந்த நேரம், இந்திய நேரப்படி ஒன்பது மணி பதினாறு நிமிடம்.

பிரபு வந்திருக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறான். நாலு தடவை வெளியே போய், நாலு தடவை மறுபடி உள்ளே வந்து பார்த்திருக்கிறான். அதே உக்கடம், அதே கிரைண்டர், மறுமுனை. எங்கள் இரண்டு வரிகளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கடைசிக் கட்டத்தில் என் வரியில் 1.01. அவன் வரியில் 1.0.

பதிப்பு எண் வேறாக இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது என் கேமின் விதி. பழையதும் புதியதும் கலந்தால் ஒருவனுக்குக் கிரைண்டர் படியிலும் இன்னொருவனுக்கு ஆகாயத்திலும் தெரியும். அதற்காக இரண்டாம் வருடமே யோசித்து அந்த விதியை எழுதியவன் நான். ஒரே எண்ணுள்ள அறையைப் பதிப்புக்கொன்றாகத் தனித்தனியே திறக்கும்படி செய்தவனும் நான். 'உங்கள் பதிப்பு வேறு' என்று ஒரு வரி காட்டியிருக்கலாம். அதற்கு நேரமில்லாமல் கொட்டாவியில் மூன்று ரகம் வரைந்துகொண்டிருந்தேன்.

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஒரு மெசேஜ் வந்தது.

"பரவால்லடா. பிஸியா இருந்திருப்ப."

பதிவேட்டைப் படம் எடுத்து, இரண்டு வரிகளையும் சிவப்பில் வட்டம் போட்டு, நடந்ததைப் பரீட்சை விடைத்தாள்போல் எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. மறுநாள் மதியம்தான் ஒரு வரி வந்தது.

"ஒன்னு எதுக்குடா சேத்துன?"

"வெள்ளகோவில் மாமா சைபர்ல முடியக்கூடாதுன்னாரு."

ரொம்ப நேரம் அவன் ஏதோ எழுதுவதும் நிறுத்துவதுமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்தது:

"என்ற கண்ணாலத்துக்கு வந்து எழுதறதுக்கு உனக்கு ஒரு ரூவா இல்ல. அந்த ஒன்னக் கொண்டுபோய் கேமுல எழுதி இருக்கற."

சிரித்தேன். சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். கீழேயிருந்து பட்டறைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காமலே போனார்.

டிவிப் பெட்டிக்காரர்கள் திருத்தத்தை வழக்கம்போல் பத்து நாள் விசாரித்தார்கள். பதினோராவது நாள் பிரபு வந்தான். மறுமுனையில் ஓர் ஆள் திடீரென்று முளைத்ததைப் பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். கிரைண்டரைத் தூக்கினான். நானும் தூக்கினேன். நாலடி நடந்ததும் கையை விட்டான். கிரைண்டர் என் காலில் விழுந்தது. மறுபடி தூக்கினோம். பஸ் படியில் விட்டான். மறுபடி. மாடிப்படியில் விட்டான். அன்று என் காலில் பதினேழு தடவை கிரைண்டர் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் 'ஸாரிடா' என்றேன். பதினெட்டாவது தடவை, வீட்டு வாசலில், அவன் விடவில்லை. உள்ளே கொண்டுபோய் இறக்கினோம். ஹெட்போனில் முதல்முறையாக அவன் குரல் கேட்டது.

"செரி, பொண்டாட்டி கூப்புடறா. வைக்கறேன்."

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வருகிறான். அரை மணி நேரம். அவனுக்கு இப்போது குழந்தை பிறந்துவிட்டது. அதற்குமேல் கேட்க முடியாது.

கேம் நாலு இடத்திலும் ஒன்றாகவே படுத்தது. அந்த வகையில் ஒரே நேரம் என்ற வாக்கைக் காப்பாற்றினேன். இப்போது நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஏழெட்டுப் பேரும் வெவ்வேறு நாடு, வெவ்வேறு நேரம். எவரும் எவரையும் சந்திப்பதில்லை. ஆகவே எனக்கு ஒரு வேலை அமைந்தது. எங்கேயாவது யாராவது தனியாக நின்றால் என் போனில் மணி அடிக்கும்படி செய்துவைத்திருக்கிறேன். அடித்தால் நானே போய் மறுமுனையைப் பிடிக்கிறேன். கொட்டாவி விடும் கட்டம் வரை எவரையும் விடுவதில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர் கேமுக்கு மதிப்புரை எழுதியிருந்தார். இதில் துணைக்கு வருகிற கம்ப்யூட்டர் ஆள் நன்றாகத் தூக்குகிறதாம். ஆனால் வாசல் வந்தால் நம்மை முதலில் போகச் சொல்லி நின்றுவிடுகிறதாம். இந்தக் கோளாறைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டுமாம். நான் ஐந்து வருடம் எழுதியதில் எதுவும் இவ்வளவு மனிதத்தன்மையோடு அமைந்ததில்லை. இதைக் கம்ப்யூட்டர் என்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தி நடுவே மணி அடித்தது. போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஈரோட்டு அம்மா ஒருத்தர், பெண் வைத்திருப்பவர், "உங்க பையன் என்னுங்க வேலை?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"கிரைண்டர் தூக்கறானுங்க."

"ஒத்தையாளாவா?"

"ஒத்தையில தூக்க முடியாதுங்களே. அதுக்குத்தான் பொண்ணு பாக்கறமுங்க."

பந்தியே சிரித்ததாம். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வெள்ளகோவில் வரைக்கும் போய்விட்டது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் காபிக்கு முன்னால், "கிரைண்டரு எந்த ஊருல நிக்குதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்தான். சிரித்துவிட்டு, யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று போனை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.